கொம்பும் அரவும்: மன்னாரில் ஒரு பொதுக் கோப்புறையின் கதை

என் தந்தையார் தலைமன்னார் இறங்குதுறையில் புகையிரதப் பகுதியின் எழுதுவினைஞராக இருந்தவர். இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்து தரித்ததும், இறக்கப்படும் பொதிகளைக் கடதாசியிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. 1914ஆம் ஆண்டில் அந்தத் துறைமுகச் சேவை தொடங்கிய நாளிலிருந்தே அங்கு ஒரு சங்கடம் இருந்தது. இந்தியக் கரையில் ஓடிய வண்டி மீற்றர் பாதையில் ஓடியது. இலங்கைக் கரையில் ஓடியது ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில். ஒரு வண்டியின் சக்கரம் மற்றையதன் தண்டவாளத்தில் பொருந்தாது. ஆகையால் ஒவ்வொரு பொதியும் ஒரு வண்டியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து இன்னொரு வண்டிக்கும் கைமாற வேண்டும். கைமாறும் இடத்தில்தான் பொதிகள் தொலையும். பட்டியல் அக்கரையில் எழுதப்பட்ட நேரத்துக்கும் பொதி இக்கரையில் இறங்கும் நேரத்துக்கும் இடையில் ஏதாவது நடந்திருக்கும். பட்டியலுக்கு அது தெரியாது.

“கடதாசியைப் பார்த்து ‘இல்லை’ எண்டு சொல்லாதை. போய்ப் பொதியைப் பார்” என்று தன் கீழிருந்தவர்களுக்கு அவர் சொல்வதைச் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் கப்பல் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. தண்டவாளம் மீண்டும் தலைமன்னார் வரை வந்து சேர 2015ஆம் ஆண்டு மார்ச் மாதமாயிற்று. அப்போது தந்தையார் இல்லை.

இந்தப் பழங்கதையை இங்கு எடுத்ததற்குக் காரணம் வேறு. கணினிகளுக்கிடையே பொதுவாக வைக்கப்படும் கோப்புறையைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். வெவ்வேறு இயங்குதளங்களில் ஓடும் கணினிகள் ஒரே கோப்புறையைப் பார்க்கும்போது ஒன்றுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாமற் போகும் விடயம் பற்றி. தொழில்நுட்பம் நான் கற்ற கல்வியன்று. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறும் தமிழும். ஆனால் முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் இந்தச் சின்ன விடயம் என்னை இரண்டு தடவை தடுக்கி விழுத்தியிருக்கிறது. இரண்டு தடவையும் மன்னார்ச் செய்தியில்தான்.

முதலாவது தடவை தொண்ணூறுகளின் பிற்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். தட்டச்சுப் பகுதியில் விண்டோஸ் கணினிகள். பக்க வடிவமைப்புப் பகுதியில் அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகள். அந்நாளில் பல பத்திரிகைகளில் அதுவே வழக்கம். ஆரம்பத்தில் செய்திகளை ‘டிஸ்கெட்’ என்று நாம் சொன்ன மென்தட்டில் ஏற்றி, கையிற் பிடித்துக்கொண்டு ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு ஓடுவோம். பிறகு கம்பி இழுத்து வலையமைப்புப் போட்டார்கள். இரு பகுதியாரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறை வந்தது. அதற்குள் மாவட்டத்துக்கொரு கோப்புறை. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.

மன்னாரிலிருந்து எமது நிருபர் தொலைபேசியில் செய்தி சொல்வார். இணைப்புக் கிடைக்கும்போது கிடைக்கும். ஒரு நாள் மாலை, கரையோரக் கிராமமொன்றில் நடந்த எறிகணை வீச்சில் இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்தோம். இரவு எட்டரை மணியளவில் மீண்டும் அழைத்தார். பட்டியலிலுள்ள ஒருவர் இறக்கவில்லை, காயத்தோடு வைத்தியசாலையில் இருக்கிறார், பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன். திருத்திய பட்டியலைப் பழைய பெயரோடு ஓர் இலக்கத்தைச் சேர்த்துப் புதிய கோப்பாகப் பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டு, பக்க வடிவமைப்பாளருக்கு உள்ளிணைப்புத் தொலைபேசியிற் சொன்னேன்.

“இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லையே அண்ணை” என்றார் அவர்.

“இருக்கும், பாரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். அவர் பார்த்தார். மாலையிலிருந்து திறந்தபடி கிடந்த அதே சாளரத்தைப் பார்த்தார். அதில் மாலையிலிருந்த கோப்புகளே இருந்தன. நான் அவசரத்தில் குழம்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பழைய பட்டியலையே போட்டுவிட்டார். காலையில் பத்திரிகை வெளிவந்தது.

மறுநாள் திருத்தம் போட்டோம். ஆனால் இறந்தவர் பட்டியலில் உயிரோடிருப்பவரின் பெயரைப் போட்ட பிறகு திருத்தத்தால் என்ன பயன்? அவருடைய தாயார் அப்போது மடுவில் அகதியாக இருந்தவர். பத்திரிகையைத்தான் முதலிற் கண்டார் என்று பின்னர் அறிந்தேன். அந்த வடிவமைப்பாளரை நான் குறை சொல்லவில்லை. சாளரத்தை மூடித் திறந்து பாரும் என்று சொல்லாதவன் நான். எழுந்து இருபது அடி நடந்து போகாதவனும் நான்தான்.

ஏன் அவருக்குத் தெரியவில்லை? அந்தக் கேள்வி என்னைப் பல வருடங்கள் விடவில்லை.

கோப்புகளை வலையமைப்பினூடாகப் பகிர்வதற்கு விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பின்னர் மைக்ரோசொஃப்ட் அதைத் தனதாக்கி வளர்த்தது. அப்பிள் தன் கணினிகளுக்கென்று வேறொரு மொழி வைத்திருந்தது. யுனிக்ஸ் உலகத்தார் மூன்றாவதொன்று பேசினார்கள். மீற்றர் பாதையும் அகலப் பாதையும் போலத்தான். இவற்றுக்கிடையே பாலம் போட்டவர் அன்ட்ரூ ட்ரிஜெல் என்ற அவுஸ்திரேலியர். கன்பராவிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1991ஆம் ஆண்டின் இறுதியிலும் 1992இன் தொடக்கத்திலுமாக அதன் முதல் வடிவத்தை எழுதினார். உத்தியோகபூர்வ விளக்கம் கையில் இல்லாமல், கம்பியில் போய்வரும் செய்திப் பொட்டலங்களைப் பார்த்துப் பார்த்தே இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று ஊகித்தார். முதலில் வைத்த பெயருக்கு வேறொருவர் உரிமை கோரியதால், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்தும் வரும் சொல்லொன்றை அகராதிக் கோப்பில் கணினியைக் கொண்டே தேடினார். ‘சம்பா’ கிடைத்தது. அது பிரேசில் நாட்டு நடனம். நானாட்டான், முருங்கன் பக்கத்தவர்களுக்குச் சம்பா என்றால் வேறு பொருள். சாப்பாட்டு வேளையில் இந்தப் பெயரைச் சொன்னால் எவரும் நடனத்தை நினைக்கமாட்டார்கள்.

சம்பாவின் தயவால் லினக்ஸ் கணினியொன்று விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பரிமாற முடிந்தது. அப்பிளும் 2002ஆம் ஆண்டில் தன் இயங்குதளத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. 2011இல் அதை விலக்கிச் சொந்தமாக ஒன்றை எழுதியது. 2013இலிருந்து மக் கணினிகளுக்கிடையிலும் எஸ்.எம்.பி.யே முதன்மை மொழியாயிற்று. இப்படியாக எல்லாரும் ஒரே மொழி பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பட்டியல் பழையதாய்ப் போகும் தொல்லை தீரவில்லை.

காரணம் சோம்பலல்ல, சிக்கனம். நீங்கள் ஒரு கோப்புறையைத் திறக்கும்போது உங்கள் கணினி சேவையகத்திடம் கேட்டு ஒரு பட்டியலை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நொடியும் திரும்பத் திரும்பக் கேட்டால் கம்பி நெரிசற்படும். ஆகவே கொஞ்ச நேரத்துக்குக் கையிலிருக்கும் பட்டியலையே காட்டும். பிற்கால விண்டோஸில் இந்தக் கொஞ்ச நேரம் வழக்கமாகப் பத்து நொடி. இன்னொன்றும் உண்டு. ஒரு கோப்பைத் தேடி ‘இல்லை’ என்ற பதில் வந்தால், அந்த ‘இல்லை’யையும் ஐந்து நொடிக்கு நினைவில் வைத்திருக்கும். அதற்குள் யாராவது அந்தக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாலும், கேட்பவருக்கு இல்லை என்றே சொல்லும். இதைப் படித்தபோது எனக்குச் சில கந்தோர்களின் கருமபீடங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கோப்புறையில் மாற்றம் ஏற்பட்டால் எனக்கு அறிவி என்று சேவையகத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடும் இந்த மொழியில் உண்டு. ஆனால் சேவையகத்துக்கே மாற்றம் தெரிந்தால்தானே அது அறிவிக்கும்? ஒருவர் வேறு வழியால், வேறு மொழி பேசி, அதே வட்டில் கோப்பை வைத்துவிட்டுப் போனால் சம்பாவுக்குத் தெரியாது. லினக்ஸின் கருவிலேயே இதைக் கவனிக்கும் வசதி வந்த பிறகுதான் நிலைமை திருந்தியது. எங்கள் பத்திரிகையில் தட்டச்சுப் பகுதி ஒரு வழியாலும் வடிவமைப்புப் பகுதி இன்னொரு வழியாலும் அதே கோப்புறைக்குப் போய் வந்தன. விண்டோஸில் எஃப்5 விசையை அழுத்தினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். மக்கின் கோப்புச் சாளரத்தில் அப்படியொரு விசை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூடித் திறக்க வேண்டும், அல்லது வேறு கோப்புறைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

இரண்டாவது தடவை நடந்தது அண்மையில், 2019இல்.

அதற்கு முன்னைய வருடம் மார்ச் மாதத்தில், மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் மாதக்கணக்காகத் தோண்டினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். சிறுவர்களுடையவையும் இருந்தன. அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். அவை கி.பி. 1404இற்கும் 1635இற்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அதைக் குடும்பங்களின் தரப்பில் ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இங்கு போகவில்லை. ஆனால் அந்தக் குழியை எட்டிப் பார்க்க வந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களில் எவரும் போர்த்துக்கேயர் காலத்து எலும்பைத் தேடி வந்தவரல்லர். வன்னியில் 146,679 பேரின் கதி தெரியவில்லை என்று 2011 ஜனவரியில் அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஆணைக்குழுவின் முன் சொன்னது அந்தத் தாய்மாருக்கு வெறும் எண்ணல்ல.

அக்காலத்தில் மன்னாரில் சில இளைஞர்கள் காணாமற்போனோரின் குடும்பங்களிடமிருந்த கடிதங்களையும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகளையும் ஒளிவருடி, பெயர்வாரியாகக் கோப்புகளாக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை ஆவணக்காப்பகத்தில் வேலை செய்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சிறிய அறை. விண்டோஸ் கணினி ஒன்று. கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய பழைய மக் ஒன்று. எல்லாக் கோப்புகளையும் தாங்கிய உபுண்டு லினக்ஸ் மடிக்கணினி ஒன்று. அந்த மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது. பையன்கள் தேவைக்கேற்ப ஒன்றை மூடி மற்றதைத் திறப்பார்கள்.

அதிலேயே ஒரு பொறி இருந்தது. விண்டோஸின் 8ஆம் பதிப்பிலிருந்து, கணினியை அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை. விரைவாக எழும்புவதற்காகத் தன் நினைவின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். அந்த உறக்கத்தில், வட்டில் என்னென்ன இருந்தது என்ற பழைய பட்டியலும் சேர்ந்து உறங்கும். இடையில் லினக்ஸைத் திறந்து அதே வட்டில் எழுதினால், எழும்பிய விண்டோஸ் தன் பழைய பட்டியலே சரியென்று நம்பி எழுதியதைக் கெடுத்துவிடக்கூடும். ஆகையால் அந்த வட்டு உறங்குவதைக் கண்டால் லினக்ஸ் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே விடும். பையன்கள் அதை ஒரு கோளாறென்று திட்டிக்கொண்டிருந்தார்கள். விரைவு எழுப்பத்தை நிறுத்திவிட்டு, முழுமையாக அணைக்கும்படி சொன்னேன். அது சுலபமாகத் தீர்ந்த விடயம்.

தீராதது வேறொன்று. ஒரு பிற்பகல், பேசாலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுடைய கோப்பில் இன்னொரு கடிதத்தைச் சேர்க்க வேண்டுமாம். மகனின் பெயரின் முதற்பகுதி அந்தோனி. மிகுதியை இங்கு எழுதுவதற்கில்லை. விண்டோஸ் கணினியிலிருந்த பையன் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினான். இல்லை. எஃப்5 அழுத்தினான். இல்லை. மீண்டும் அழுத்தினான்.

“அம்மா, இந்தப் பேரில ஒண்டும் பதிவில்லை. வேற இடத்தில குடுத்தனீங்களோ?”

“இல்லைத் தம்பி. போன மாசம் இந்தக் கதிரையிலதான் இருந்து தந்தனான். அந்தப் பெட்டியிலதான் பதிஞ்சவை” என்று மக் கணினியைக் காட்டினார்.

எத்தனை கந்தோர்களில் எத்தனை தடவை அவர் இந்த ‘இல்லை’யைக் கேட்டிருப்பார்? அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னால் பார்க்க முடியாமல் இருந்தது. எழுந்து போய் மக்கிலேயே தேடினேன். அதன் வெளிவட்டில் கோப்பு இருந்தது. அந்தோனி என்றே இருந்தது. லினக்ஸ் மடிக்கணினிக்கும் அது முன்னரே பிரதி செய்யப்பட்டிருந்தது. விண்டோஸின் திரையில் பட்டியலை மெல்ல உருட்டிப் பார்த்தால் அங்கும் கண்ணுக்குத் தெரிந்தது. தேடினால் மட்டும் இல்லை!

இரவு முழுவதும் அதைக் கிண்டினோம். விடை எங்கள் எழுத்திலேயே இருந்தது. சிறுவயதில் ‘கோ’ என்ற எழுத்தை எப்படிப் படித்தோம்? கானாவுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஓர் அரவு. தமிழ்நாட்டார் துணைக்கால் என்பார்கள். அச்சுக்கோப்பவருக்கும் அப்படித்தான், மூன்று தனித்தனி ஈய எழுத்து. பாமினி எழுத்துருவிலும் அப்படியே. ‘கொ’ வேண்டுமென்றால் என், எஃப், எச் என்று மூன்று விசை. ஒருங்குறி வந்தபோது ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ என்ற மூன்று குறிகளுக்கும் தனித்தனியே ஒவ்வொரு இலக்கம் கொடுத்தார்கள். அதேசமயம், முன்குறியும் பின்குறியுமாகப் பிரித்து இரண்டு இலக்கங்களாக எழுதினாலும் அது அதே எழுத்துத்தான் என்று விதியும் வைத்தார்கள். ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. தமிழில் இப்படி நான்கே நான்கு.

விண்டோஸில் தட்டச்சிட்டால் பெரும்பாலும் சேர்ந்த ஒற்றை இலக்கம் வரும். அப்பிள் 1998இல் கொண்டுவந்த வட்டு ஒழுங்குமுறையோ எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதைப் பிரித்தே எழுதிவைக்கும். 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறை கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது. எங்களிடமிருந்த வெளிவட்டு பழையது. லினக்ஸுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை, வந்த இலக்கங்களை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆக மக்கிலிருந்து லினக்ஸுக்குப் பிரதியான அந்தோனியின் ‘தோ’ இரண்டு துண்டு. விண்டோஸ் பையன் தட்டச்சிட்ட ‘தோ’ ஒரே துண்டு. கண்ணுக்கு ஒன்று, தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு ஆட்கள். எத்தனை தடவை எஃப்5 அழுத்தினாலும் பயனில்லை. பட்டியல் புதியதுதான். பெயர்தான் பொருந்தவில்லை.

இதில் மன்னாரின் தலைவிதியையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: அந்தோனி, யோசேப்பு, பெர்னாண்டோ, யோன், கொன்சலஸ். ஊர்களை எண்ணுங்கள்: தோட்டவெளி, ஓலைத்தொடுவாய், கொண்டச்சி, பொன்தீவுகண்டல். ஒகரமும் ஓகாரமும் இல்லாத பட்டியலை எங்கே காண்பது? சூசையும் மரியாளும் தப்பினார்கள், அந்தோனியும் யோசேப்பும் அகப்பட்டார்கள். நெட்டோசைக்கு இரட்டைச்சுழிக் கொம்பைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பது மரபு. குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் கண்ணால் பிரித்தறிய அவர் செய்த உதவி அது. கண்ணாற் பிரித்தறிய முடியாத வேறுபாடொன்று பின்னாளில் வருமென்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய பழைய கோப்புகளிலும் தேடினோம். அங்கும் சில மாற்றிகள் கொம்பையும் அரவையும் சேர்க்காமல் விட்டிருந்தன. ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இந்த இரண்டாவது பிழையை எந்த விதியாலும் இயந்திரம் தானாகத் திருத்தாது, மனிதர் பார்த்துத் திருத்த வேண்டும். முதலாவதற்கு வழி உண்டு. ஒருங்குறி விதிகளிலேயே ‘சேர்த்த வடிவம்’ ஒன்றும் ‘பிரித்த வடிவம்’ ஒன்றும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸிலுள்ள சிறு கருவியொன்றால் எல்லாக் கோப்புப் பெயர்களையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றினோம். மாற்றுவதற்கு முன் முழுவதையும் இன்னொரு வட்டில் பிரதி எடுத்தோம், இதை மறக்கவேண்டாம். இனிமேல் மக்கிலிருந்து பிரதி எடுக்கும்போதே பெயர்களைச் சேர்த்து எழுதும்படி கட்டளையில் ஒரு சொல்லையும் சேர்த்தோம்.

மாற்றும்போது சில இடங்களில் கருவி நின்றுவிட்டது. ஒரே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்றது. போய்ப் பார்த்தால், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. ஒருமுறை தேடிக் கிடைக்காமல், ‘இல்லை’ என்று நம்பி, மீண்டும் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். ஒன்றில் 2009இல் எழுதிய கடிதம், மற்றதில் 2013இல் எழுதியது. அத்தனை குடும்பங்களும் இரண்டாம் முறை வந்து அதே கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கின்றன. அந்தப் பையன்கள் அன்று அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தோம். பேருந்தில் வந்தார். பையன் அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, பெயரைத் தட்டச்சிட்டுக் காட்டினான். கோப்பு திறந்தது. போன மாதம் அவர் கொடுத்த கடிதத்தின் படம் திரையில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். தானே எழுதிய கடிதம்தான்.

“இதைக் கடதாசியில ஒண்டு எடுத்துத் தருவியளோ?”

அச்சிட்டுக் கொடுத்தோம். நான்காக மடித்து, பொலித்தீன் பைக்குள்ளிருந்த மற்றக் கடதாசிகளோடு வைத்தார். நாலரை மணிக்குத் தலைமன்னார்ப் பேருந்து. தரிப்பிடம் வரை நான் கூடப் போனேன்.